அடைமொழியும் அறமும்

ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி முடியும்வரை, சேலம், நாமக்கல் பகுதிகளில் வீட்டுச் சாதனங்கள் விற்கும் கடை எதுவாயினும், அதன் முகப்பில் இந்நாள்களில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறக் காண்கிறோம். ‘ஏ.ஐ.’ என்பதே அச்சொல். செயற்கை நுண்ணறிவு என்று நாம் தமிழில் வழங்குவதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வாஷிங் மெஷினில் ஏ.ஐ.; பிரிட்ஜில் ஏ.ஐ.; ஏ.சி.யிலும் டி.வி.யிலும் ஏ.ஐ.; பல் துலக்கும் பிரஷ்ஷிலுங்கூட ஏ.ஐ. திருமணச் சீர்வரிசையில் பிரிட்ஜ் இருந்தாலே பெருமை என்றிருந்த காலம் போய், அது ஏ.ஐ. பிரிட்ஜா என்று சம்பந்தி வீட்டார் வினவும் காலம் தொலைவில் இல்லை.

இச்சொல் குறிக்கும் பொருள் பெட்டிக்குள் உண்மையிலேயே இருக்கின்றதா? இருக்குமாயின் நமக்கு அதனால் விளையும் நன்மை யாது? இவற்றை வாங்குவோரின் சாமர்த்தியத்தைப் பற்றிய கேள்விகள் என்று ஒதுக்கிவிடலாகாது. தறி ஓட்டியும், கோழிப்பண்ணையில் கூலிக்கு உழைத்தும், லாரிப் பட்டறையில் வெல்டிங் செய்தும் ஈட்டிய பணத்தை மாதத் தவணையாகக் கட்டி நம் குடும்பங்கள் இச்சாதனங்களை வாங்குகின்றன. ஓர் அடைமொழிக்காகக் கூடுதலாகக் கொடுக்கப்படும் சில ஆயிரம் ரூபாய், ஒரு பிள்ளையின் கல்விக் கட்டணமாகவோ முதியவர் ஒருவரின் மருந்துச் செலவாகவோ இருக்கக்கூடும். ஆகவே இது நீதியைப் பற்றிய கேள்வியாகும்.

பெயரின் கதை

‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயர் பிறந்த விதமே சிந்தனைக்குரியது. 1955ஆம் ஆண்டு ஜான் மெக்கார்த்தி உள்ளிட்ட நான்கு அமெரிக்க அறிஞர்கள், மறு ஆண்டுக் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் ஆய்வுக் கூட்டம் ஒன்றை நடத்த விரும்பி, ராக்பெல்லர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டு விண்ணப்பித்தனர். அவ்விண்ணப்பத்தில்தான் இப்பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. அறிவியலில் பிறந்த சொல்தான். எனினும் பிறந்த நாளிலேயே பிறர் கவனத்தையும் பணத்தையும் ஈர்க்கும் பணி அதற்கு வாய்த்துவிட்டது. 2025 ஜனவரி 28 அன்று வத்திக்கானின் இரு துறைகள் இணைந்து வெளியிட்ட ‘பழையதும் புதியதும்’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஏடு, மனித அறிவையும் இயந்திரத்தின் செயல்திறனையும் ஒரே சொல்லால் அழைப்பதில் உள்ள குழப்பத்தை விரிவாக ஆராய்ந்தது. இயந்திரம் ஒரு வேலையைச் செய்து முடிப்பதும், மனிதர் உடலோடும் உறவோடும் உண்மையைத் தேடி அறிவதும் ஒன்றல்ல என்பதே அதன் மையக் கருத்து.

ஒரு புதுமை பிறந்தவுடன் அதன் பெயர் அதைவிட வேகமாகப் பரவுவது நம் காலத்தில் முதன்முறையாக நிகழ்வதன்று. 1965ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய லோத்பி சாதே என்னும் பேராசிரியர் ‘பஸ்ஸி’ கணங்கள் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சூடு, குளிர் என்று உலகை இரண்டாக வெட்டிப் பாராமல், ‘ஓரளவு சூடு’, ‘சற்றே அழுக்கு’ என்னும் இடைநிலைகளையும் கணக்கிற்குள் கொண்டுவரும் முறை அது. 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் இம்முறையைக் கொண்டு இயக்கப்பட்டது. 1990இல் அந்நாட்டின் மட்சுஷிதா நிறுவனம் இம்முறையில் இயங்கும் வாஷிங் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சலவை நீரின் ஊடே ஒளியைச் செலுத்தி, அழுக்கின் அளவை உணர்ந்து, துவைக்கும் நேரத்தை அது தானே தீர்மானித்தது. இது மெய்யான புதுமை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் சோறு சமைக்கும் குக்கர் முதல் கேமராவரை எல்லாவற்றின் மீதும் ‘பஸ்ஸி’ என்னும் முத்திரை விழுந்தது. 1990களில் நம் நாட்டு விளம்பரங்களிலும் ‘பஸ்ஸி லாஜிக்’ வலம் வந்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர்.

துணியின் எடையை உணர்ந்து நீரையும் நேரத்தையும் அமைத்துக்கொள்ளும் அவ்வேலையே இன்று பல மெஷின்களில் ஏ.ஐ. என்ற பெயரோடு விற்கப்படுகின்றது. எடையோடு துணியின் மென்மையையும் உணர்ந்து, முன்னரே தொகுத்த தரவுகளோடு ஒப்பிட்டு, டிரம்மின் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் மெஷின்களும் உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒட்டப்பட்ட முத்திரை இரண்டிற்கும் ஒன்றாகவே இருப்பதால், கடையில் நிற்கும் நம்மால் இவற்றைப் பிரித்தறிய இயலுவதில்லை.

அளந்து அறியும் புதுமை

மெய்யான புதுமையை எப்படி அடையாளம் காண்பது? இதற்கு நம் மண்ணின் தொழில்களே வழிகாட்டுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அங்கே கூலி அடிக்கணக்கில் பேசப்படுகிறது. எத்தனை அடி இறங்கியது, எத்தனை அங்குலத் தண்ணீர் வந்தது என்பவையே பேச்சு. வண்டியின் பக்கவாட்டில் எழுதப்பட்ட அடைமொழியை யாரும் கேட்பதில்லை. நாமக்கல் லாரி உரிமையாளரும் மைலேஜையும் டயர் தேய்மானத்தையும் கணக்கிட்டே வண்டியைத் தேர்ந்தெடுப்பார். தொழிலுக்கு வாங்கும்போது அளவு கேட்கும் நாம், வீட்டிற்கு வாங்கும்போது மட்டும் அளவை மறந்து அழகிய சொல்லில் மயங்குவது ஏன்?

அளந்து அறியத்தக்க புதுமைகள் பல நம் வீடுகளுக்குள் ஓசையின்றி வந்துள்ளன. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. அதற்கு அடிப்படையான நீல ஒளி உமிழும் டயோடைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2015 ஜனவரியில் நடுவண் அரசு தொடங்கிய ‘உஜாலா’ திட்டம் இப்பல்புகளை எளியோர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. அவ்வாறே, பழைய கூரை மின்விசிறி 75 வாட் அளவில் மின்சாரம் உண்ண, பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகின்றது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட், இரு மாதங்களில் 32 யூனிட் அளவிற்கு மிச்சம். இதனைச் சோதிக்க எந்த அறிஞரும் வேண்டியதில்லை. வீட்டு மீட்டரே சாட்சி சொல்லும். 1950களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டரும் அத்தகையதே. ஆட்டுக்கல்லின் முன் குனிந்த நம் தாய்மாரின் முதுகை அது நிமிர்த்தியது. எந்த அடைமொழியும் அதற்குத் தேவைப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவிலும் இத்தகைய மெய்ப்புதுமைகள் உண்டு. 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. எழுத்துக் கூட்டி எழுதத் தயங்கும் ஒருவர் இன்று தம் கைப்பேசியிடம் தமிழில் பேசி, வெளியூரில் உள்ள மகனுக்குச் செய்தி அனுப்ப முடிகின்றது. பார்வையற்ற ஒருவர் கைப்பேசியின் கேமராவைத் திருப்பினால், எதிரிலிருக்கும் அறிவிப்புப் பலகையை அது படித்துக் காட்டுகிறது. மருந்துப் பெட்டியின் எழுத்தை வாசிக்கிறது. இவை விளம்பரப் பேச்சல்ல. நேற்றுவரை மற்றொருவர் துணையின்றிச் செய்ய இயலாத ஒன்றை இன்று ஒருவர் தாமே செய்கின்றார்; அந்த வேறுபாடே சான்று.

பொய்த்த வாக்குறுதிகள்

இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். 2024இல் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய ஐபோனை விற்றபோது, பயனாளரின் சொந்த விவரங்களை அறிந்து விடையிறுக்கும் மேம்பட்ட ‘சிரி’ உதவியாளரை முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. 2025 மார்ச்சில் அவ்வசதி தாமதமாகும் என்று அந்நிறுவனமே அறிவித்து, அதைக் காட்டிய விளம்பரத்தையும் விலக்கிக்கொண்டது. அடுத்த மாதம் அமெரிக்காவின் விளம்பரத் தன்னொழுங்கு அமைப்பு, அவ்வசதிகளை ‘இப்போதே கிடைக்கும்’ என்று சொல்லுவதைத் திருத்தவோ கைவிடவோ பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலில் 699 டாலர் விலைக்கு வந்த ‘ஹியூமேன் ஏ.ஐ. பின்’ என்னும் சட்டையில் அணியும் கருவி, ஓராண்டு நிறைவதற்குள் 2025 பிப்ரவரி 28 அன்று சேவை நிறுத்தப்பட்டு, பெரும்பாலும் பயனற்ற பொருளாயிற்று. ‘ரோபோ வழக்கறிஞர்’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட டூநாட்பே நிறுவனம், தன் மென்பொருள் மனித வழக்கறிஞருக்கு நிகராகச் செயல்படுகிறதா என்று சோதித்துப் பார்க்கவே இல்லை என அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டிட, 2024 செப்டம்பரில் 1,93,000 டாலர் செலுத்த அது இணங்கியது.

இவற்றினும் நுட்பமான ஒன்று உண்டு. 2023 மார்ச்சில் ஒருவர், நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் கைப்பேசியால் அதைப் படமெடுத்தார். திரையில் இல்லாத நுணுக்கங்களும் படத்தில் தெளிவாகத் தோன்றின. நிலவை அடையாளம் கண்டு, கற்றறிந்த மாதிரியைக் கொண்டு படத்தை மேம்படுத்துவதாக அந்நிறுவனம் விளக்கமளித்தது. இங்கே ஏ.ஐ. உண்மையாகவே இருக்கின்றது, உண்மையாகவே வேலையும் செய்கின்றது. எனினும் நாம் கண்ட நிலவையே படம் காட்டுகிறதா என்னும் ஐயம் எஞ்சுகின்றது. ஆதலின் ‘இதில் ஏ.ஐ. இருக்கிறதா?’ என்று கேட்பது மட்டும் போதாது. ‘அது இங்கே என்ன செய்கிறது?’ என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

உயர்வு நவிற்சியும் ஒற்றைக்கண் குதிரையும்

விளம்பரம் என்றாலே மிகைதானே, தமிழ் இலக்கணமே உயர்வு நவிற்சி அணியை ஏற்றுக்கொள்ளவில்லையா என்று சிலர் கேட்கலாம். கவிஞர் ஒருவர் மாடத்தின் உச்சி நிலவைத் தொடுகிறது என்று பாடும்போது, அது மிகை என்பது பாடுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருவரும் அறிந்து மகிழும் விளையாட்டு அது. அதில் ஏமாந்தவர் எவருமிலர். கடையிலோ, விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியார். அந்த அறியாமையின் மீதே விலை கட்டப்படுகின்றது. மிகையென்று இருவரும் அறிந்தது அணி. ஒருவர் மட்டும் அறிந்தது வஞ்சனை.

‘வாங்குபவர்தாம் விழிப்பாக இருக்கவேண்டும்’ என்பது மற்றொரு வாதம். 1274இல் மறைந்த புனித தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விற்பனையில் நிகழும் வஞ்சனையைத் தனியொரு வினாவாகவே எடுத்து ஆராய்கின்றார். பொருளின் குறை மூவகைப்படும் என்கிறார்: ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுப்பது வகைக் குறை, அளவில் ஏமாற்றுவது அளவுக் குறை, நோயுற்ற விலங்கை நலமுள்ளதாக விற்பது தன்மைக் குறை. நிலையான சில விதிகளின்படி இயங்கும் மெஷினைக் கற்றுக்கொள்ளும் மெஷின் என்பது முதல் வகையைச் சாரும். எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் ‘இத்தனை விழுக்காடு மிச்சம்’ என்பது இரண்டாவதைச் சாரும். இன்னும் உருவாகாத திறனை இருப்பதாகக் காட்டுவது மூன்றாவதைச் சாரும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அளவுகோல் பழுதுபடவில்லை.

குறை வெளிப்படையாகத் தெரியுமானால் விற்பவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்றும் அவர் கூறுகின்றார். அதற்கு அவர் தரும் உவமை ஒற்றைக்கண் குதிரை. குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பதை வாங்குபவர் தாமே காண்பார். விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால் அநீதி இல்லை. ஆனால் மறைந்திருக்கும் குறையால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், அதை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை. இன்றைய சாதனத்தின் சிப்பைத் திறந்து பார்க்க நம்மில் யாரால் இயலும்? 1770இல் வியன்னா அரசவையில் வோல்ப்காங் வான் கெம்ப்லன் காட்சிக்கு வைத்த சதுரங்க இயந்திரம் ஆட்டக்காரர்கள் பலரை வென்று ஐரோப்பாவை வியக்கவைத்தது. அப்பெட்டிக்குள் மறைந்திருந்து காய் நகர்த்தியவர் ஒரு மனிதரே. மூடிய பெட்டிக்கும் ஒற்றைக்கண் குதிரைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பெட்டி எவ்வளவு இறுக மூடப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகிறது விற்பவரின் கடமை.

நம் நாட்டுச் சட்டமும் இக்கருத்தை ஏற்றுள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பொய்யாக விவரிப்பதை மட்டுமன்றி, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றே வரையறுக்கின்றது. இத்தகைய விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய்வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய்வரையும் தண்டம் விதிக்க, 2020இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. 1915 என்ற தொலைபேசி எண்ணில் எவரும் முறையிடலாம்.

வெள்ளை ஜவ்வரிசி

ஆயினும் பழி முழுவதையும் விற்பவர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. சேலம் மாவட்டத்தின் ஜவ்வரிசி நாடறிந்தது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து இயல்பாக உருவாகும் ஜவ்வரிசி சற்றே மங்கிய நிறமுடையது. வாங்குவோரோ பளபளக்கும் வெண்மையைக் கேட்டனர். வெண்மைக்கும் சுவைக்கும் தொடர்பில்லை. வெண்மைக்கும் சத்துக்கும் தொடர்பில்லை. எனினும் வெண்மைக்கு விலை கிடைத்தது. விளைவாக, ஆலைகள் சிலவற்றில் வெளுக்கும் வேதிப்பொருள்கள் புகுந்தன. மக்காச்சோள மாவும் கலக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை சோதனையிட்டு அவற்றைக் கைப்பற்றியுள்ளனர். இதில் நட்டமடைந்தவர் யார்? உண்டவர் மட்டுமல்லர். கலப்படம் செய்யாத ஆலைக்காரரும், கிழங்கை நட்டு விலைக்காகக் காத்திருந்த உழவரும் சேர்த்தே நட்டமடைந்தனர்.

வெண்மை அன்று செய்த வேலையை ஏ.ஐ. என்னும் முத்திரை இன்று செய்கின்றது. அடைமொழி இல்லாத பொருளைப் ‘பழைய மாடல்’ என்று நாம் ஒதுக்கும்போது, நேர்மையான உற்பத்தியாளரும் அதை ஒட்டியே தீரவேண்டிய நெருக்கடிக்கு ஆளாகின்றார். கடையில் நம்முன் நிற்கும் இளைஞரோ, இளம்பெண்ணோ தமக்குச் சொல்லித்தரப்பட்டதையே ஒப்புவிக்கின்றனர். மாத விற்பனை இலக்கு அவர்கள் தலைமேல் தொங்குகின்றது. பெட்டிக்குள் இருப்பது அவர்களுக்கும் தெரியாது. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அவர்களிடம் நல்ல கேள்விகளைக் கேட்பதால் பயனுண்டு.

முதலாவது, முன்பிருந்த மாடல் செய்யாத எதை இது செய்கின்றது? விடை ஒரு வினைச்சொல்லாக வரவேண்டும். ‘ஸ்மார்ட்’ என்னும் பெயரடையாக வரலாகாது. இரண்டாவது, அச்செயலை யூனிட்டிலோ, லிட்டரிலோ, மணிக்கணக்கிலோ அளக்க முடியுமா? நடுவண் அரசின் மின்திறன் அமைப்பு ஒட்டும் நட்சத்திர முத்திரையில் ஆண்டு மின்செலவு எண்ணாகவே அச்சிடப்பட்டிருப்பதைக் காண்க. மூன்றாவது, இணையம் இல்லாதபோது இது எவ்வளவு வேலை செய்யும்? மாதச் சந்தா உண்டா? நிறுவனம் சேவையை நிறுத்தினால் கையில் எஞ்சுவது என்ன? நான்காவது, நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் இது தாங்குமா? பழுதானால் உள்ளூர் மெக்கானிக் கை வைக்க இயலுமா? ஐந்தாவது, நம் குரலையும் படத்தையும் பழக்கங்களையும் இது எங்கே அனுப்புகின்றது? 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதைக் கேட்கும் உரிமை இடம்பெற்றுள்ளது.

இவ்வைந்திற்கும் தெளிவான விடை கிடைக்குமாயின், அச்சாதனத்தை மனநிறைவோடு வாங்கலாம். புதுமையை வரவேற்பது நன்றியுள்ள உள்ளத்தின் இயல்பு. விடை கிடைக்காவிட்டால், அடைமொழி இல்லாத நல்ல பொருளை வாங்கி, மிச்சமாகும் தொகையை வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. வெற்றுச் சொல்லின் மிகப்பெரிய தீமை பணம் வீணாவதன்று. எல்லாவற்றின் மேலும் ஒட்டப்படும் முத்திரையை ஒருநாள் எவரும் நம்பாமற் போவர். அப்போது, அறிவிப்புப் பலகையைப் படித்துக் காட்டும் கைப்பேசி இருக்கிறது என்று பார்வையற்ற ஒருவரிடம் சொன்னால், ‘இதுவும் விளம்பரந்தானே’ என்று அவர் திரும்பிக்கொள்வார். தமக்கு உண்மையாகவே கிடைத்திருக்கக்கூடிய துணையை அவர் இழப்பார். அந்த இழப்பு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறாது. எந்த ஆணையமும் அதற்குத் தண்டம் விதிக்காது. சொல்லைக் காப்பது இத்தகையோரைக் காப்பதாகும். அக்கடமையில் விற்பவருக்குப் பாதி என்றால், கடை வாசலில் நின்று கேள்வி கேட்கவேண்டிய நமக்கும் பாதி உண்டு.